சிவப்புச் சீட்டு

வெள்ளிக்கிழமை காலை டீ மணி அடித்தும் சுரேந்தர் எழவில்லை. கையிலிருந்த சென்சாரின் தகட்டை இன்னொரு முறை மெதுவாகத் திருப்பினான். பாதியில், மயிரிழையளவு சிக்கியது.

விமானம் காற்றை எந்தக் கோணத்தில் கிழிக்கிறது என்று பைலட்டுக்குச் சொல்லும் தகடு அது. வேகமாகத் திருப்பிப் பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் தெரியாது. பழுதென்றால் சிவப்புச் சீட்டு கட்டி மேனேஜரிடம் கொடுக்க வேண்டும். சுரேந்தர் கட்டவில்லை.

பக்கத்து மேசை யுஸ்ரா வேகமானவள். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் தலைமைப் பரிசோதகர் வேலைக்கு அவன் பெயரோடு அவள் பெயரும் போயிருந்தது. கேன்டீனில் எல்லோர் வாயிலும் அவள் பெயர்தான். அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

"அண்ணா, டீக்கு வரலீங்களா?"

"நீ போ அம்மணி, வாரேன்."

அவள் போனதும், அவள் மேசையில் பரிசோதனைக்கு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டு, சிக்கும் சென்சாரை அங்கே வைத்தான். அவள் பாஸ் போடட்டும். சாயங்காலம் பெட்டி கட்டும்போது, தானே கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளலாம். விமானத்துக்கு ஒன்றும் ஆகாது.

டீ வரிசையில், தினமும் தட்டுகளைக் கொண்டுவரும் ஸ்டோர் சின்னான் நின்றிருந்தான். காலையில் தட்டுகளை மேனேஜர் லோகப்பிரியாவே கொண்டுவந்து வைத்ததால், அவனுக்கு லீவு என்றல்லவா சுரேந்தர் நினைத்திருந்தான்.

மதியம் லோகப்பிரியா வந்தார்.

"உங்க தட்டு எப்படீங்க?"

"அத்தனையும் சுத்தமுங்க மேடம்." கையெழுத்தும் போட்டான்.

யுஸ்ரா இரண்டு சென்சார்களை நீட்டினாள். இரண்டிலும் சிவப்புச் சீட்டு.

"இது அளவு தப்பாக் காட்டுதுங்க மேடம். இது சிக்குது. மெதுவாத் திருப்புனதால தெரிஞ்சுது, இல்லாட்டி உட்டிருப்பேனுங்க."

சுரேந்தர் சிரித்தான்.

"ஒரே தட்டுல ரெண்டா? பேர் வாங்கறதுக்குப் பழுதை நீயே செஞ்சுபோட்டியா அம்மணி?"

யுஸ்ராவின் முகம் சிவந்தது. லோகப்பிரியா சிரிக்கவில்லை. இரண்டையும் கவிழ்த்து, அடியில் தான் வைத்திருந்த மைப்புள்ளிகளைப் பார்த்தார்.

"தலைமைப் பரிசோதகர் வேலைக்கு ஆள் எடுக்கோணுமில்லீங்க, அதான் தெரிஞ்சே பழுதைக் கலந்து வெச்சேன். தட்டுக்கு ஒண்ணு, எந்தத் தட்டுதுன்னு தெரிய வேற வேற நிறத்துல புள்ளி."

அவர் சுரேந்தர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க சுரேந்தர், உங்களுது எப்படி அங்க போச்சு?"