மூணு லிட்டர் மூச்சு

"மூணு புள்ளி பூஜ்யம் நாலு" என்றாள் டெக்னீஷியன், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி.

கல் அரைக்கும் மெஷின் ஆபரேட்டருக்கு அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது. இந்த மூச்சு டெஸ்டில் மூணு லிட்டருக்குக் குறைந்தால் மெஷினை விட்டு எடுத்து, கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள். சம்பளம் பாதி.

நான் அவர் மூக்கிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். கம்பெனி கிளினிக்கில் நர்ஸுக்கு இதுவும் ஒரு வேலை.

அவர் ஊதிய காற்றின் வேகம், நொடிக்குப் பத்து வரியாக எக்செல்லில் நின்றது. அடுத்தடுத்த ரெண்டு வரியைக் கூட்டி, பாதியாக்கி, இடைவெளி நேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிராஃப் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு. நுரையீரலிலிருந்து வந்த மொத்தக் காற்று அதுதான்.

பிரிண்ட் கொடுக்கப்போனவள் கையை எடுத்தாள்.

"எத்தனை வருஷமாண்ணே தூசியில?"

"பதினாறும்மா."

கடைசி எட்டு வரியை மவுஸால் இழுத்துப் பிடித்து அழித்தாள். கூட்டுத்தொகை 2.91 ஆனது.

"நடுவுல மூச்சை உள்ள இழுத்துட்டீங்கண்ணே. அதுக்கப்புறம் வந்த காத்து கணக்குல சேராது."

"சத்தியமா இழுக்கலேம்மா. வேணும்னா இன்னொரு தடவை ஊதறேன்."

"மூணு தடவைதான் ரூல். மூணும் ஆயிடுச்சு."

"வீட்ல நாலு வயிறும்மா. பாதிச் சம்பளத்துல என்ன பண்ணுவேன்?"

அவள் நிமிரவே இல்லை. 'தகுதி இல்லை' என்று பிரிண்ட் எடுத்து நீட்டினாள்.

"நல்லா இரு தாயி" என்று வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏண்டி, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு? பக்கத்துலயே நின்னேன். ஒரே மூச்சாத்தான் ஊதினார். எதுக்குடி பொய்க்கணக்கு? அந்த ஆள் வயித்துல அடிச்சு உனக்கு என்ன கிடைக்கப்போகுது? இப்பவே டாக்டர்கிட்ட சொல்றேன்."

"சொல்லுங்கக்கா."

"உன் வேலை போயிடும்."

"தெரியும்."

அவள் ஃபைலை சேவ் பண்ணி மூடினாள்.

"தெரிஞ்சும் ஏன் பண்ணே?"

"எங்கப்பாவுக்கும் அதே மெஷின்தான்க்கா. செத்துப்போன வருஷம்கூட இந்த டெஸ்டுல பாஸ்."