ஒரே பட்டன் போதும்

“தம்பி, இந்த ரோபோ சண்டை கேம்ல நல்ல ரோபோ எது?”

கேம் கடைக்காரனுக்குச் சிரிப்பு வந்தது. கேட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய லாரி டிரைவர்.

“கண்ணை மூடிக்கிட்டு சிறுத்தையை எடுங்கண்ணே. அதோட வேகத்துக்கு ஈடே கிடையாது.”

“வேகம் வேணாம். ஒரே பட்டன்ல ஓட்டுற மாதிரி இருக்கா?”

“அது ஆமை. ஆனா சும்மா உதைதான் வாங்கும். சின்னப் பிள்ளைக்கா?”

“இல்ல, வீட்டுக்காரிக்கு.”

“அண்ணியைக் குறைச்சு எடை போடாதீங்கண்ணே. போன வருஷப் போட்டியில ஒரு அக்கா சிறுத்தையை வெச்சு என்னை மண்ணைக் கவ்வ வெச்சாங்க.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவதான் தம்பி. பக்கவாதம் வந்து நாலு மாசமாச்சு. இப்போ இடது கட்டைவிரல் மட்டும்தான் அசையுது.”

கடைக்காரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தான்.

“விரல் எவ்வளவு தூரம் நகருதுன்னு காட்டுங்கண்ணே. அதுக்கேத்த மாதிரி பட்டனை மாத்தித் தரேன்.”

டிரைவர் தன் கட்டைவிரலை நகத்தளவு நகர்த்திக் காட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு அதிலும் பாதியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.