நின்றவர்கள் பதினொரு பேர்

தூண் டிரான்ஸ்பார்மரை மறைக்கவில்லை.

யோகலட்சுமி கேமராவிலிருந்து கண்ணை எடுத்துச் செல்போனைப் பார்த்தாள். அதிலிருந்த பழைய வீடியோவில் நுழைவு வளைவின் தூணுக்குப் பின்னால் டிரான்ஸ்பார்மர் முழுக்க ஒளிந்திருந்தது. லாட்ஜ் மாடியிலிருந்து பார்த்தாலோ இடதுபக்கம் பாதி எட்டிப்பார்த்தது.

கீழே சாலையோரத்தில் பதினொரு பேர் தயாராக நின்றிருந்தார்கள். நடுவில் ஷாருக் ஹெல்மெட்டோடு மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவன் மெக்கானிக் ஷெட்டிலிருந்து உருட்டிவந்த நசுங்கிய பைக்.

எட்டு மாதத்துக்கு முன் அங்கே கிடந்தவன் அவளுடைய தம்பி கதிரவன்.

லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். அதை யாரோ மாடியிலிருந்து இரண்டு நிமிடம் படம் பிடித்தார்கள். ஊரெல்லாம் சுற்றிய வீடியோ கடைசியில் அவள் செல்லுக்கும் வந்து சேர்ந்தது.

அதில் ஒரே ஒருமுறை கதிரின் வலதுகை மேலே எழும்பி விழும்.

"மலையப் பார்த்து முருகனக் கும்புட்டான் என் புள்ள" என்று அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் உயிரோடு இருக்கிறாள்.

யோகா கல்யாணங்களைப் படமெடுத்துப் பிழைப்பவள். அழுது முடித்தபிறகு ஒரு நோட்டு வாங்கி ஒன்பது கட்டம் போட்டாள். அந்தக் காலையை ஆட்களை நிறுத்தி, ஒன்பது படங்களாக எடுத்து, சென்னையில் ஒரு கண்காட்சியில் வைக்க வேண்டும். யார் எங்கே நின்றார், யார் கையில் பால் பாக்கெட், யார் இடுப்பில் குழந்தை, எல்லாவற்றையும் வீடியோவைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரைந்தாள். நின்றவர்கள் தாங்கள் நின்றதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் அன்று நின்றவர்களையே கூப்பிட்டாள். கேட்டால், அன்றைக்குத் திருத்தணியில் ஆளே கிடையாது. ஊரே திருப்பதிக்குப் போயிருந்ததாம். கடைசியில் கதிரின் சிநேகிதர்கள்தான் வந்து சாக்பீஸ் குறிகளில் நின்றார்கள்.

அன்று இருந்தவர்களில் வந்தவர் ஒருவர்தான். அக்கா வீட்டுக்காரர் வரதராஜன் பாவா. ஓடிவந்து கதிரை வாரியெடுத்து ஆட்டோவில் போட்டவர். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவனுக்கு மூச்சு இருந்தது என்றால் அது அவர் புண்ணியம். ஒன்பதாவது கட்டத்தில் எல்லோரும் நிற்க, அவர் மட்டும் குனிந்திருப்பார்.

போலீஸ் அனுமதி, ஆட்களுக்கு டீ, எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். மாடியிலிருந்து எடுக்க வேண்டும் என்றபோது மட்டும் முகம் சுளித்தார்.

"கீழேர்ந்தே எடுத்துக்கலாமே யோகா. எதுக்கு மாடி மாடியா அலைஞ்சிகினு?"

யோகா கேமரா ஸ்டாண்டை பால்கனியின் வலது ஓரத்துக்கு நகர்த்தினாள். டிரான்ஸ்பார்மர் கொஞ்சம் தூணுக்குள் போனது. கைப்பிடிச் சுவர் இடுப்பில் இடிக்கும்வரை நகர்ந்தாள். இன்னும் கால்வாசி வெளியே நின்றது.

வீடியோவின் ஓரத்தில் ஒரு மஞ்சள் துணி ஆடும். அதற்காக ஒரு வேட்டியைக் கொடியில் கட்டியிருந்தாள். லாட்ஜில் தங்கிய பக்தன் எவனோ, துணியைக் காயப்போட்டுவிட்டு எடுத்திருக்கிறான் என்பது ஊர் கட்டிய முடிவு. முகம் தெரியாத அந்த வெளியூர்க்காரனை அவளும் எட்டு மாதமாகச் சபித்துக்கொண்டிருந்தாள்.

வலப்பக்கம் இன்னும் பத்தடி வேண்டும்.

அங்கே பால்கனி இல்லை. பாவாவின் காவடிச் சாமான் கடை இருந்தது. கடைக்கு மேலே சரக்கு போட்டுவைக்கும் அறை.

கேமராவோடு இறங்கினாள். பக்கத்துக் கடையில் நுழைந்து இரும்புப் படி ஏறினாள். ஜன்னலோரம் மஞ்சள் துண்டுகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. ஒன்றின் முனை வெளியே தொங்கிக் காற்றில் ஆடியது.

கேமராவை வைத்துப் பார்த்தாள். தூண் டிரான்ஸ்பார்மரை முழுக்க விழுங்கிவிட்டது. மஞ்சள் துணி அது ஆட வேண்டிய இடத்திலேயே ஆடியது. அவள் எதையும் நகர்த்தி வைக்க வேண்டிய வேலையே இல்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் இரும்புப் படியில் செருப்புச் சத்தம் ஏறிவந்து நின்றது.

"நம்ம கதிருன்னு தெரியாது யோகா" என்றார் பாவா. "ஹெல்மெட் போட்டுகினு இருந்தான். ஒரே ஒருத்தனுக்குத்தான் அனுப்பினேன். அப்புறம் கீழ போயி பார்த்தா..."

அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்த பிறகு அழுதுகொண்டே தூக்கியதும் பொய்யில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எட்டு மாதமாகத் திட்டிவந்த வெளியூர்க்காரன் இப்போது இல்லாமல் போய்விட்டான்.

தன் செல்போனை அவர் கையில் வைத்தாள்.

"இங்கேர்ந்து நீங்களே எடுங்க பாவா. அவன் எடத்துல நான் படுத்துக்கறேன்."

கீழே போய் ஷாருக்கை எழுப்பினாள். ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள், கண்ணாடியை இறக்கினாள். சாக்பீஸ் கோட்டுக்குள் தம்பி கிடந்த மாதிரியே மல்லாந்து படுத்தாள். தார் முதுகில் சில்லென்று பட்டது. பதினொரு பேரும் நின்றபடியே நின்றார்கள்.

நோட்டில் வரைந்திருந்தபடி வலதுகையை மேலே தூக்கினாள்.

அங்கிருந்து மலை தெரியவில்லை. கடைக் கட்டடம் மறைத்திருந்தது. கை நீண்ட திசையில் தெரிந்தது பாவாவின் ஜன்னல் மட்டும்தான்.