சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

கிங்ஸ்பரி வீட்டுச் சமையலறை மேசையில் டார்ட்மூர் தேசியப் பூங்காவின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. சுருளப் பார்க்கும் மூலைகளைத் தேநீர்க் கோப்பைகளும் மிளகாய்த்தூள் போத்தலும் அழுத்திப் பிடித்திருக்கின்றன. காலை வெயில் வரைபடத்தின் பழுப்பு மேடுகளின்மேல் ஊர்கிறது. மட்டக்குதிரைகள் மேயும் வெளியையும் வானம்பாடி பாடும் புல்மேட்டையும் தொட்டு, நடக்கப்போகும் பாதையைக் குலசேகரம் பென்சிலால் இழுக்கிறார். கூட வருவதாக மனைவி தவமலர் இன்னும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய அவளது ஈரவிரல் ஒரு சிவப்புக் கோட்டில் வந்து நிற்கிறது. "இதென்னப்பா?" "ஆமி சுட்டுப் பழகிற இடம்." விரல் அசையவில்லை. குழாய் சொட்டுகிறது. "சுடுற நாளிலை முதலே சிவப்புக் கொடி ஏத்துவினமாம். நாங்கள் இந்தப் பக்கத்தாலை நடப்பம்." அவள் நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரிக்கிறாள். "சொல்லிப்போட்டுச் சுடுற ஆமியோ! ஊரிலை நாங்கள் காணாத ஆமி! அப்ப எனக்கும் நடக்கச் சப்பாத்து வாங்குங்கோ."