சைவக்காரரின் வேட்டை

"சனிக்கிழமை வேட்டைக்குப் போறன். உம்மடை சப்பாத்தை ஒருக்கால் தருவீரோ?" என்று கேட்டார் நவரத்தினம்.

ஜேர்மனியில், அகதி முகாமில் அவரோடு ஒரே அறையில் இருந்த கதிர்காமநாதன் சிரித்துவிட்டான். "அண்ணை, நீங்கள் முட்டையே தொடாத சைவம். உங்களுக்கு என்ன வேட்டை?"

"காட்டுக்கோழி வேட்டை. அரசாங்கக் காடுதான். காலமை ஆறரைக்கு லொறியிலை வந்து ஏத்துவினம். மழையெண்டால் உம்மடை கோட்டும் வேணும்."

"அப்ப எனக்கொரு கோழி கொண்டு வாங்கோ."

"கோழி எனக்குத் தராயினம். நான் கேக்கவும் மாட்டன்."

"பிறகேன் போறியள்?"

"இஞ்சை இருமினாலும் பக்கத்து அறையாக்கள் சுவரிலை தட்டுகினம்" என்று மட்டும் சொன்னார். கதிர்காமநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சனி காலை, சுடுவதற்கு வந்த துவக்குக்காரர் எல்லாரும் காட்டின் மறுகரையில் காத்து நின்றார்கள். நவரத்தினத்தின் கையில் இருந்தது ஒரு தடி மட்டும். பற்றைக்குள் நடந்து, சத்தம் போட்டுப் பறவைகளைக் கிளப்பிவிடுவதுதான் அவருடைய வேலை. எதை வேண்டுமானாலும் கத்தலாம், பலமாகக் கத்தினால் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

பக்கத்தில் நடந்த ஜேர்மன்காரர் "ஹோ, ஹோ" என்று கத்தினார்.

நவரத்தினம் மூச்சை இழுத்தார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து "இஞ்சாரும்" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவர், மூன்று வருசமாய்க் கடிதம் வராத மனைவியை முதல்தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கமலநாயகீ!"

பற்றைக்குள்ளிருந்து காட்டுக்கோழிகள் படபடவென்று எழும்பின.

"நல்ல குரல்!" என்றார் ஜேர்மன்காரர். "இன்னும் பலமாக!"