மாடி ஜன்னல் தாழ்ப்பாள்

கம்பியில்லாத அந்த மாடி ஜன்னலின் பித்தளைத் தாழ்ப்பாள் காலையிலிருந்து தச்சருக்குப் பெப்பே காட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டாயிற்று, சுத்தியலால் தட்டியும் பார்த்தாயிற்று. அசைவேனா என்றது.

"இவ்ளோ வீம்பு பிடிச்ச தாழ்ப்பாளை நான் பார்த்ததே இல்லம்மா!"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிச்சோ என்னமோ," என்று சிரித்தாள் அவள்.

தச்சர் குரலைத் தாழ்த்தினார். "வீடு வாங்குறப்ப யாரும் சொல்லலையா? முன்ன இருந்த பொண்ணு இந்த ஜன்னல் வழியாத்தான் விழுந்து செத்துச்சாம். அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டுப் போன புருஷன் திரும்பி வரவே இல்லையாம்."

"ஐயோ, எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுண்ணே! புரோக்கர் பேச்சை நம்பி, பார்க்காமலே வாங்கிட்டார். நேத்துதான் ரெண்டு பேரும் முதல் தடவையா உள்ள காலை வச்சோம்."

"அப்ப தாழ்ப்பாளை அறுத்துடவா?" தச்சர் ரம்பத்தை எடுத்தார்.

அதற்குள் அவள் கணவன் போனில் பேசிக்கொண்டே மாடியேறி வந்தான். பேச்சை நிறுத்தாமல், தாழ்ப்பாளைத் திரும்பியும் பார்க்காமல், இடது கதவை முழங்காலால் ஓர் அழுத்து அழுத்தி, தாழ்ப்பாளைப் பின்பக்கமாகத் திருகினான். ஜன்னல் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

"பலே சார்! உங்க கைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்துச்சு போல!" என்றார் தச்சர்.

அவள் சிரிக்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

கணவன் போனைப் பைக்குள் போட்டான். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

தச்சர் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"ஏன் அங்கேயே நிக்கிற?" கணவன் பிரியமாகக் கை நீட்டினான். "இங்க வந்து எட்டிப் பாரு. காத்து எப்படி ஜிலுஜிலுன்னு வருது!"