மெர்வினின் வெல்டிங் மெஷின்

துணி காயப்போடும் சாக்கில் வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டு மெர்வின் தொடை வழியாகக் குழாய் விட்டு இதய வால்வு மாற்றிக்கொண்டவர். புது வால்வு அழுத்தியதில் துடிப்பின் மின்பாதை அடைபட, நெஞ்சில் பேஸ்மேக்கரும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வெல்டிங் மின்சாரம் பேஸ்மேக்கரைக் குழப்பிவிடுமாம்; இனி அந்தப் பக்கமே போகக் கூடாதாம். ஆஸ்திரேலியாவின் பாலரட் ஊரில், ஜனவரிக் கோடை வெயிலில் தகரக் கொட்டகை கொதிக்கிறது. அவருடைய மெஷினை மைத்துனன் வண்டியில் ஏற்றுகிறான். "இப்படி ஆகலாம்னு டாக்டர் முன்னாடியே சொன்னாரா, நோலீன்?" என்கிறார் மெர்வின். மனைவி கையிலிருக்கும் டீக் கோப்பையையே பார்க்கிறாள். "என்கிட்ட சொன்னாரு. உன்கிட்ட சொன்னா நீ ஆபரேஷனுக்கே வந்திருக்க மாட்டே, மெர்வ்." "ஆமா, வந்திருக்க மாட்டேன். அது என் நெஞ்சு." "எனக்கும் வேணுமே அது." மெர்வின் ஆணியில் தொங்கும் வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டி, கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிடுகிறார். உள்ளே அழுகிறாரா, திட்டுகிறாரா? இந்தத் தெருவில் எனக்குத் தெரியாமல் போகும் முதல் விஷயம் இதுதான்.